பெண்ணுடல் அறிவோம் – 11: ஆசையும் ஹார்மோன்களும்

பெண்ணின் காம விருப்பத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் என்ற மூன்று ஹார்மோன்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. முதல் இரண்டும் பெரும்பாலும் சினைப்பையில் சுரக்கின்றன. ஆண்களுக்கே உரியதாகப் பலரும் நினைக்கும் டெஸ்டோஸ்டிரோன், பெண்ணுடலில் சினைப்பையிலும் அட்ரீனல் சுரப்பியிலும் உருவாகிறது. ஆணின் ரத்தத்தில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு கூடப் பெண்ணிடம் இருக்காது. ஆனால் அந்தச் சிறு அளவுக்கும் வேலை உண்டு. இவை எப்போது, எவ்வளவு சுரக்க வேண்டும் என்ற கட்டளை மூளையிலிருந்து பிட்யூட்டரி சுரப்பி வழியாக வருகிறது. அதனால்தான் கவலையும் களைப்பும் ஆசையை எளிதில் அடக்கிவிடுகின்றன.

மாதவிலக்கு தொடங்கிய சில நாட்களில் ஈஸ்ட்ரோஜன் ஏறத் தொடங்கி, கருமுட்டை வெளிப்படுவதற்குச் சற்று முன் உச்சம் தொடுகிறது. பல பெண்களுக்கு விருப்பம் கூடுவது அந்த நாட்களில்தான். முட்டை வெளிப்பட்டபின் புரோஜெஸ்டிரோன் ஏறுகிறது, ஆசை தணிகிறது. கலிஃபோர்னியாவில் இளம்பெண்களின் ஹார்மோன் அளவை நாள்தோறும் அளந்து 2013-ல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. டெஸ்டோஸ்டிரோனின் அன்றாட ஏற்ற இறக்கத்துக்கும் ஆசைக்கும் அதில் தொடர்பு தெரியவில்லை.

கணவர் தோணியேறி மாலத்தீவுக்குப் போயிருந்தாலும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டோடு இருந்தாலும், தூத்துக்குடிக் கரையில் வாழும் பெண்ணின் உடலில் இந்தச் சுழற்சி தன் போக்கில் நடந்துகொண்டே இருக்கும். ஆள் வந்திருக்கும் நாளில் ஆசை வரவில்லை என்றால் அது அன்புக் குறைவும் ஆகாது, நோயும் ஆகாது. பிரிந்திருக்கும் நாளில் ஆசை எழுந்தால் அதில் குற்றமும் இல்லை. நெய்தல் நிலத்துப் பெண்ணின் ஏக்கத்தைச் சங்கப் புலவர்கள் கூச்சமின்றிப் பாடினார்கள். இன்று அதே கரையில் அந்தப் பேச்சு மருத்துவரின் அறைக்குள்கூட நுழைவதில்லை.

பாலூட்டும் மாதங்களில் புரோலாக்டின் என்ற பால் சுரப்பு ஹார்மோன் உயர்ந்து ஈஸ்ட்ரோஜன் தாழ்கிறது. பிறப்புறுப்பு வறண்டு உறவு வலிக்கும், விருப்பமும் குறையும். தூக்கமில்லாத இரவுகளும் சேர்ந்துகொள்ளும். பாலூட்டல் குறையும்போது இது பெரும்பாலும் தானே சீராகிவிடும். அதுவரை கணவர் பொறுத்துக்கொள்வதே முறை.

அடுத்தது குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமாகி வாழும் 15–49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இதைச் செய்துகொண்டவர்கள். 'ஆபரேஷனுக்குப் பிறகுதான் ஆசை போயிற்று' என்ற நம்பிக்கையும் பரவியிருக்கிறது. இந்தச் சிகிச்சையில் கருக்குழாய் மட்டுமே கட்டப்படுகிறது அல்லது வெட்டப்படுகிறது. சினைப்பை அப்படியே இருக்கிறது. அதன் ஹார்மோன்கள் குழாய் வழியாகப் போவதில்லை, நேராக ரத்தத்தில் கலக்கின்றன. கருத்தடை செய்துகொண்ட பெண்களை அமெரிக்காவில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பெரும்பாலோரிடம் பாலுறவு ஆர்வம் மாறவே இல்லை. மாறியவர்களிலும் கூடியவர்களே மிக அதிகம். கர்ப்ப பயம் நீங்கியது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

சினைப்பையையே எடுப்பது முற்றிலும் வேறு. கருப்பையோடு சேர்த்து இரண்டு சினைப்பைகளையும் அகற்றினால், மாதவிடாய் நிற்காத வயதில் ஈஸ்ட்ரோஜன் ஒரேயடியாக விழுகிறது, டெஸ்டோஸ்டிரோன் ஏறத்தாழப் பாதியாகிறது. இயல்பாகப் பல ஆண்டுகளில் நடக்கும் மாற்றம் சில நாட்களில் நடந்து முடிகிறது. உடல் திடீரெனக் கொதிப்பது, தூக்கம் கெடுவது, எலும்பு தேய்வது ஆகியவற்றோடு ஆசையும் வற்றிப்போகலாம். நாற்பது வயதுப் பெண்ணிடம் 'கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்' என்று சொல்லும் மருத்துவர், சினைப்பையையும் எடுக்கப் போகிறாரா, ஏன் எடுக்கிறார், பிறகு ஹார்மோன் சிகிச்சை தருவாரா என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் எடுப்பது அந்தப் பெண்ணுக்கு இழைக்கும் அநீதி.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46-ஐ ஒட்டியே இருக்கிறது. மேலை நாடுகளில் அது 51. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பிறப்புறுப்பின் உட்தோல் மெலிகிறது, சிறுநீர்த் தொற்றும் அடிக்கடி வருகிறது. ஒதுங்க இடமில்லாமல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு உப்பளத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு இந்த எரிச்சல் இரட்டிப்பாகும். ஒவ்வொரு முறையும் வலித்தால் மனம் உறவை விட்டு விலகத்தான் செய்யும். இங்கே ஆசை குறைவதற்கு வலியே காரணம். அந்த இடத்தில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீமும் வழுவழுப்பு தரும் ஜெல்லும் நல்ல பலன் தருகின்றன. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டபின்பே ஈஸ்ட்ரோஜன் கிரீமைப் பயன்படுத்த வேண்டும்.

டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் ஆசை திரும்புமா? மாதவிடாய் நின்றபின் ஆசை குறைந்து, அதனால் மனவேதனைப்படும் பெண்களுக்கு மட்டும் குறைந்த அளவில் தரலாம் என்று பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் 2019-ல் கூட்டாக அறிவித்தன. ஆஸ்திரேலியாவில் 2020-ல் பெண்களுக்கென்றே ஒரு கிரீமுக்கு அனுமதி கிடைத்தது. அளவு மீறினால் முகத்தில் ரோமமும் பருவும் வரும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்த்து ஆசைக் குறைவைக் கண்டறியவும் முடியாது. ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்து 2005-ல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஆகவே அந்தச் சோதனைக்காக மட்டும் பணம் செலவழிப்பது வீண்.

கேட்டுச் செய்துகொள்ள வேண்டிய சோதனைகள் வேறு: தைராய்டு, சர்க்கரை, ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு. தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் உடல் சோர்ந்து ஆசை மங்கும். மனச்சோர்வும் அதற்குத் தரப்படும் சில மாத்திரைகளும் ஆசையைக் குறைக்கும். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவர்மேல் ஆசை வரச்செய்யும் ஹார்மோன் எதுவும் இல்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சிகிச்சைக்கு வந்த 149 பெண்களிடம் கேட்டறிந்து 2009-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், 77 சதவீதம் பேருக்கு ஆசை சார்ந்த சிக்கல் இருந்தது. ஒருவர்கூட அதற்காக மருத்துவ உதவி நாடியிருக்கவில்லை. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவில் கர்ப்பிணிகளை மட்டும்தான் பார்ப்பார்கள் என்று எண்ண வேண்டாம். 'ஆசை குறைந்துவிட்டது, வலிக்கிறது' என்று அங்கே சொல்லலாம். தயங்காமல் சொல்லுங்கள்.

(தொடரும்)