ஊரில் எடுத்த விவாகரத்து இங்கே செல்லுமா?



சென்ற மாதம் எமது வானொலியில் குடும்பச் சட்டம் பற்றி நான் பேசிய உரை முடிந்த பிறகுதான் கூடுதலான அழைப்புகள் வந்தன. வானலையில் வந்து கேட்க முடியாத கேள்விகள் அவை. "அவர் ஊருக்குப் போய் டிவோர்ஸ் எடுத்துக்கொண்டு வந்திட்டார், எனக்கு இனி ஒன்றும் இல்லையோ?" என்று ஒரு சகோதரி கேட்டார். "பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்சிட்டம், இனி நான் கலியாணம் செய்யலாம்தானே?" என்று ஒரு தம்பி கேட்டார். அந்தக் கேள்விகளுக்கு ஆறுதலாக எழுத்தில் பதில் சொல்லும்படி பலர் கேட்டதால் இந்த மாத மடலில் இதை எழுதுகிறேன்.

நான் சட்டத்தரணி இல்லை. இலண்டனில் சொலிசிற்றர் அலுவலகங்களிலும் குடும்ப நீதிமன்றங்களிலும் எம்மவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவன். இங்கே சொல்வது பொதுவான விளக்கம். நீதிமன்ற நடைமுறை பற்றிச் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. ஸ்கொட்லாந்தில் இருப்பவர்கள் அங்குள்ள சட்டத்தரணியைக் கேட்க வேண்டும்.

எது விவாகரத்து, எது விவாகரத்து அல்ல?

முதலில் ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். பிரித்தானிய மண்ணில் நீதிமன்றம் மட்டுமே விவாகரத்துக் கொடுக்கலாம். 1986 ஆம் ஆண்டின் குடும்பச் சட்டம் இதைத் திட்டவட்டமாகச் சொல்கிறது. மாமன், சித்தப்பா முன்னிலையில் எழுதிய கடிதம், கோயில் மண்டபத்தில் பேசி முடித்த ஒப்பந்தம், தாலியைக் கழற்றிக் கொடுத்தது, பத்து வருடமாகப் பிரிந்து வாழ்வது, இவை எதுவும் விவாகரத்து ஆகாது. அந்த நிலையில் இன்னொரு திருமணம் செய்தால் அந்தத் திருமணம் சட்டத்தில் செல்லாது. அதை நம்பி ஊரிலிருந்து ஒருவரைக் கூப்பிட விசாவுக்கு விண்ணப்பித்தால், அந்த விண்ணப்பமும் அங்கேயே தடைப்படும்.

சட்டத்தரணி அனுப்பிய நோட்டீசும் விவாகரத்து அல்ல. வழக்குப் போடப்போகிறேன் என்ற அறிவித்தல் மட்டுமே அது.

இலங்கையில் பொதுவான திருமணப் பதிவுச் சட்டத்தின் கீழ் மணம் முடித்தவர்களுக்கு விவாகரத்துக் கொடுக்கும் அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது. காரணங்கள் மூன்றுதான்: திருமணத்துக்குப் பின் பிறருடன் தகாத உறவு, வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லுதல், திருமண நேரத்திலேயே இருந்த குணப்படுத்த முடியாத ஆண்மைக் குறைபாடு போன்ற இயலாமை. நீதிமன்றம் முதலில் கொடுப்பது 'டிக்றி நைசை' என்ற இடைக்காலக் கட்டளை. ஆகக் குறைந்தது மூன்று மாதம் கழிந்த பின்னரே 'டிக்றி அப்சலூட்' என்ற முடிவுக் கட்டளை வரும். எம்மவர்களில் பலர் முதலாவது கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். முடிவுக் கட்டளை இல்லாவிட்டால் திருமணம் இன்னும் நிலைத்திருக்கிறது.

இன்னொரு விடயம். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த இடத்தில் சடங்கு மட்டும் செய்து, பதிவு செய்யாமல் மணம் முடித்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். "பதிவு இல்லை, ஆகவே கலியாணமே இல்லை" என்று தாங்களாகவே முடிவெடுக்கக் கூடாது. இலங்கையில் பதிவு இல்லாத சடங்குத் திருமணத்தையும் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் இங்கிலாந்தில், பதிவுத் திருமணம் இல்லாமல் மண்டபத்தில் தாலி மட்டும் கட்டியிருந்தால் கதை வேறு. அதைச் சட்டம் பொதுவாகத் திருமணமாகவே எடுத்துக்கொள்வதில்லை. இரண்டுக்கும் பதில் வேறு வேறு என்பதால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊர்த் தீர்ப்பு இங்கே எப்போது செல்லும்?

வெளிநாட்டு நீதிமன்றம் கொடுத்த விவாகரத்தை ஏற்க 1986 ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு விடயங்களைப் பார்க்கிறது. ஒன்று, அந்த விவாகரத்து அந்த நாட்டுச் சட்டப்படி முழுமையாகச் செல்லுபடியாக வேண்டும். இரண்டு, வழக்குத் தொடங்கிய நாளில் கணவனோ மனைவியோ, இருவரில் ஒருவராவது, அந்த நாட்டில் வழமையாக வசித்திருக்க வேண்டும், அல்லது அந்த நாட்டைத் தன் நிரந்தரத் தாயகமாகக் கொண்டிருக்க வேண்டும், அல்லது அந்த நாட்டுக் குடியுரிமை உடையவராக இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று போதும்.

அகதிகளாக வந்த எமக்கு இந்தக் கடைசி விடயம் முக்கியமானது. அகதி அந்தஸ்துக் கிடைத்தவர் இலங்கைக்குப் போக முடியாதவராக இருக்கலாம். ஆனால் வேறு குடியுரிமை எடுக்கும் வரை அவர் பெரும்பாலும் சட்டப்படி இலங்கைக் குடிமகனே. ஆகவே இருவரும் இருபது வருடமாக இலண்டனில் வாழ்ந்தாலும், ஒருவர் இன்னும் இலங்கைக் குடியுரிமையுடன் இருந்தால், யாழ்ப்பாணத்தில் எடுத்த விவாகரத்து இங்கே செல்லக்கூடும். மாறாக, இருவரும் பிரித்தானியக் குடியுரிமை எடுத்து, இரட்டைக் குடியுரிமையும் பெறாமல், இங்கேயே வேரூன்றி வாழ்பவர்கள் என்றால், ஊரில் போய் எடுத்துவந்த விவாகரத்து செல்லாமல் போகவும் இடம் உண்டு. கடதாசியில் உள்ள முத்திரையை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. வழக்குத் தொடங்கிய அன்று இருவருடைய நிலை என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மறுமணம் செய்ய விரும்புகிறவர் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும்போது வெளிநாட்டு விவாகரத்தின் மூலப் பிரதியையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கொண்டுபோக வேண்டும். அவற்றைப் பரிசீலிக்க நேரமும் தனிக் கட்டணமும் தேவைப்படும். மண்டபம் பதிவு செய்து, அழைப்பிதழும் அடித்த பின் இதைத் தொடங்காதீர்கள்.

எனக்குத் தெரியாமல் எடுத்திருந்தால்?

கணவர் ஊருக்குப் போய், மனைவி இலண்டனில் இருப்பதை மறைத்து, பழைய ஊர் விலாசத்தைக் கொடுத்து வழக்கை முடித்த கதைகளை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். மனைவி அப்படிச் செய்த கதையும் உண்டு. அதே 1986 ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கும் வழி வைத்திருக்கிறது. மற்றவருக்கு அறிவிக்க நியாயமான முயற்சி எடுக்கப்படவில்லை என்றால், அல்லது வழக்கில் பங்குபற்ற நியாயமான வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை என்றால், இங்குள்ள நீதிமன்றம் அந்த விவாகரத்தை ஏற்க மறுக்கலாம். மறுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அது நீதிபதியின் தீர்மானம். ஆகவே ஆதாரம் முக்கியம்.

இதில் எம்மவர்கள் செய்யும் ஒரு காரியம் கவலைக்குரியது. ஊர் நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால் பயத்திலோ கோபத்திலோ அதைக் கிழித்துப் போடுகிறார்கள், அல்லது கைபடாமல் லாச்சிக்குள் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் "எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை" என்று பிறகு சொல்வது கடினம். கடித உறையையும் முத்திரைத் திகதியையும் பத்திரமாக வைத்திருங்கள். அந்த வாரத்திலேயே இங்கே ஒரு சொலிசிற்றரையும் அங்கே ஒரு சட்டத்தரணியையும் அணுகுங்கள்.

விவாகரத்து செல்லும் என்றாலும் உரிமை போய்விடாது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் பகுதியை வையுங்கள்.

ஊரில் எடுத்த விவாகரத்து இங்கே செல்லுபடியாகிறது என்று வைத்துக்கொள்வோம். "அப்படியென்றால் வீட்டிலும் பென்சனிலும் எனக்குப் பங்கு இல்லை" என்று பலர் அந்த இடத்திலேயே கைவிட்டு விடுகிறார்கள். அது சரியல்ல. 1984 ஆம் ஆண்டின் திருமண மற்றும் குடும்ப வழக்குகள் சட்டத்தின் மூன்றாம் பகுதி, வெளிநாட்டில் விவாகரத்தானவர் இங்குள்ள நீதிமன்றத்தில் பொருளாதார நிவாரணம் கேட்க வழி தருகிறது. இங்கிலாந்துடன் போதிய தொடர்பு இருக்க வேண்டும். உதாரணமாக, இருவரில் ஒருவர் விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் ஒரு வருடமாவது இங்கே வழமையாக வசித்திருந்தால் போதும். முதலில் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும்.

2010 இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த அக்பாஜே வழக்கு இதற்கு நல்ல உதாரணம். நைஜீரியாவில் பிறந்து பிரித்தானியக் குடியுரிமையும் பெற்றிருந்த தம்பதி அவர்கள். கணவர் நைஜீரியாவில் விவாகரத்து எடுத்தார். மனைவிக்கு அங்கே கிடைத்தது லாகோஸில் ஒரு வீட்டில் வாழ்நாள் முழுக்க இருக்கும் உரிமையும் ஏறக்குறைய 21,000 பவுண்டுகளும் மட்டுமே. இலண்டனில் வாழ்ந்த அந்த அம்மா இங்கே விண்ணப்பித்தார். லாகோஸ் வீட்டு உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, இலண்டன் வீட்டை விற்ற பணத்தில் 65 சதவீதம், அதாவது ஏறக்குறைய 275,000 பவுண்டுகள், அவருக்குக் கிடைத்தது.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. விண்ணப்பிக்க முன் நீங்கள் மறுமணம் செய்தால் இந்த உரிமையை இழந்துவிடுவீர்கள். இங்கே விவாகரத்து எடுத்தவர்களுக்கும் இதையொத்த ஆபத்து உண்டு. ஆகவே பணம், வீடு, பென்சன் விடயங்களை முடிக்காமல் மறுமணப் பதிவுக்குப் போகாதீர்கள். நீண்ட காலம் தாமதிப்பதும் உங்களுக்குப் பாதகமாகவே முடியும்.

இங்கேயே விவாகரத்து எடுப்பது

பலருக்கு இதுவே நேரான வழி. திருமணம் இலங்கையில் நடந்தது என்பதற்காக விவாகரத்தும் அங்கேதான் எடுக்க வேண்டும் என்றில்லை. இருவரும் இங்கே வழமையாக வசிப்பவர்கள் என்றால் இங்குள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

2022 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் யார் மேலும் குற்றம் சொல்லாமல் விவாகரத்துக் கேட்கலாம். திருமணமாகி ஒரு வருடம் கடந்திருக்க வேண்டும். ஒருவராகவும் விண்ணப்பிக்கலாம், இருவரும் சேர்ந்தும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் ஏற்கப்பட்டு 20 வாரங்களின் பின் நிபந்தனைக் கட்டளையும், அதற்கு 6 வாரங்களின் பின் இறுதிக் கட்டளையும் கேட்கலாம். கட்டணம் 2025 ஏப்ரலில் 612 பவுண்டுகளாக உயர்ந்தது. குறைந்த வருமானம் உள்ளவர்களும் சில அரச உதவிப் பணம் பெறுபவர்களும் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம்.

திருமணச் சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் உறுதிப்படுத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஓடிவந்த வேளையில் சான்றிதழைத் தொலைத்தவர்கள், திருமணம் பதிவான பகுதியின் பிரதேச செயலகத்தில் உறவினர் மூலம் பிரதி எடுக்க முயற்சிக்கலாம். எவ்வளவு முயன்றும் கிடைக்காவிட்டால், அதை நீதிமன்றத்துக்கு விளக்கி எழுத வழி உண்டு.

சட்ட உதவி எங்கே?

2013 ஏப்ரலில் வந்த மாற்றத்தின் பின், சாதாரண விவாகரத்துக்கு அரச சட்ட உதவி பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆனால் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு, வருமான நிபந்தனைக்கு உட்பட்டு, அது கிடைக்கலாம். அடி மட்டும் வன்முறை அல்ல. பணத்தைப் பறித்து வைப்பது, விசாவைக் காட்டி மிரட்டுவது, வெளியே விடாமல் அடக்குவது என்பனவும் வன்முறைதான். டொக்டரின் கடிதம், பொலிஸ் பதிவு, பெண்கள் உதவி அமைப்பின் கடிதம் ஆகியவை ஆதாரமாகும். ஆகவே நடந்ததை டொக்டரிடம் மறைக்காதீர்கள்.

உதவி கிடைக்குமா என்று கேட்க அரச சட்ட ஆலோசனைச் சேவையின் தொலைபேசி இலக்கம் 0345 345 4345. குடும்ப வன்முறை உதவி இலக்கம் 0808 2000 247. இது இலவசம், நாள் முழுவதும் இயங்கும். "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேளுங்கள். பிள்ளைகளையோ சொந்தக்காரர்களையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் துயரத்தைப் பத்து வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டி வருவதை நான் பார்த்திருக்கிறேன். அது பிள்ளைக்கும் நல்லதல்ல, வழக்குக்கும் நல்லதல்ல.

கணவன் அல்லது மனைவியின் விசாவில் தங்கியிருப்பவர்கள் விவாகரத்துக்கு விண்ணப்பிக்க முன் குடிவரவு ஆலோசனை பெற வேண்டும். வன்முறையால் பிரிந்தவர்களுக்குத் தனி ஏற்பாடுகள் உண்டு. தனக்கென்று சொந்தமாக அகதி அந்தஸ்துக் கிடைத்தவர், விவாகரத்தால் அதை இழப்பேன் என்று பயப்படத் தேவையில்லை.

தமிழ்க் கடைத்தெருவில் பலகை போட்டிருப்பவர் எல்லோரும் சொலிசிற்றர் அல்லர். காசு கொடுக்க முன் அவருடைய பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். சொலிசிற்றர்களின் பெயர்ப் பட்டியலை இணையத்தில் எவரும் பார்க்கலாம். கொடுக்கும் காசுக்கு ரசீது வாங்குங்கள்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது திருமணச் சான்றிதழ், ஊரிலிருந்து வந்த நீதிமன்றக் கடதாசிகளும் அவற்றின் உறைகளும், இருவருடைய குடியுரிமை மற்றும் விசா விபரம், வீட்டுப் பத்திரம், வங்கி மற்றும் பென்சன் கணக்குக் கடிதங்கள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். ஊரில் சீதனக் காணி இருந்தால் அதையும் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்துக் காணிகளில் தேசவழமைச் சட்டம் குறுக்கிடும் என்பதால் அதற்கு அங்குள்ள சட்டத்தரணியின் ஆலோசனை தனியாக வேண்டும்.

பிரிவது எளிதான முடிவல்ல. அதை எடுத்தவர்களைக் குறை சொல்வதற்கு முன், அவர்களுக்குச் சரியான கதவைக் காட்டுவது எங்கள் கடமை. இந்த மடலை வாசித்து முடித்ததும் தேவைப்படக்கூடிய ஒருவரின் கையில் கொடுங்கள். பிள்ளைகளின் பராமரிப்புப் பணம் பற்றி வந்த கேள்விகளுக்கு அடுத்த மாத உரையில் பதில் சொல்கிறேன்.