வளவு வீடும் ஏழாவது கேள்வியும்

'முதியோர் இல்லம்' என்பது எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வசவு. காரைக்குடியில் ஒருவர் தன் ஆத்தாளை அங்கே சேர்த்துவிட்டால் கல்யாண வீட்டுப் பந்தி வரை அது பேசப்படும். நானும் பேசியவன்தான், என்ன, கொஞ்சம் தத்துவப் பூச்சோடு பேசினேன். 1656இல் பாரிசில் 'பொது மருத்துவமனை' என்ற பெயரில் ஏழைகளையும் முதியவர்களையும் பித்தர்களையும் ஒன்றாக அடைத்ததை ஃபூக்கோ வழியாகப் படித்துவிட்டு, இல்லம் என்றாலே சிறை என்று முடிவு கட்டியிருந்தேன். பிறகு ஆத்தா கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் போகிற வழியில் விழுந்தார்கள். அந்த வாசிப்பு அவர்களைத் தூக்க உதவவில்லை.

முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, கொல்லை என்று நீளுகிற வீடு. கட்டுக்குக் கட்டு ஒரு நிலை, ஒரு படி. நடக்க முடிகிறவர்களையும் ஆள் வைக்க முடிகிறவர்களையும் மனத்தில் வைத்துக் கட்டியது. ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் 'கொண்டுவிக்க'ப் போன காலத்தில் முதியவர்களைக் கழுவித் துடைத்தது மகன்களா? மருமகள்களும் கூலிக்கு வந்த பெண்களும்தான். 'வீட்டோடு வச்சுப் பாத்துக்கிட்டோம்' என்கிற பெருமைச் சொல்லாடலில் எழுவாய் தோன்றா எழுவாயாக இருப்பது தற்செயலல்ல. கானாடுகாத்தான் பக்கம் இதே மாதிரி வீடுகள் சில விடுதிகளாகிவிட்டன. முன்பின் தெரியாதவர்களைக் காசு வாங்கிக்கொண்டு பராமரிப்பதில் யாருக்கும் மானம் போகவில்லை.

ஆக, 'எப்போது' என்பதை எதை வைத்து முடிவு செய்வது? பாசத்தை வைத்து முடியாது. அது சிங்கப்பூரிலிருந்து போன் பேசுகிற தம்பியிடமும் இருக்கிறது. 1963இல் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஆறு காரியங்களைக் கேட்டார்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய்வருவது, படுக்கையிலிருந்து எழுவது, மலசலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. பிறர் உதவியில்லாமல் இதில் எத்தனை முடிகிறது? பெரும்பாலும் குளிப்பது முதலில் போகும், சாப்பிடுவது கடைசியில். வறட்டுக் கணக்குதான். ஆனாலும் போட்டுப் பார்த்தேன். பொங்கலுக்கு ஐந்து, ஐப்பசி மழையில் இரண்டு. பக்கத்தில் நானாக ஒரு கட்டம் கோடு போட்டேன்: முடியாததைச் செய்வது யார், ராத்திரி எத்தனை தடவை? பகலுக்குக் கூலிக்கு ஒரு பெண் வருகிறாள். ராத்திரியில் நான்கிற்கும் என் மனைவி பெயர். இடுப்புக்கு பெல்ட் போட்டிருக்கிறாள். என் பெயர் மருந்து வாங்கியதோடு சரி. காட்ஸ் கேட்காத ஏழாவது கேள்வி இதுதான். முடிவு அதில்தான் இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, முதியவரை 'ஏதேனும் ஓர் இடத்தில்' முழுதும் கைவிடும் நோக்கத்தோடு விட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த இடம் சொந்த வளவாகவும் இருக்கலாமே. 19ஆம் பிரிவு மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, குறைந்தது 150 பேருக்கு, என்கிறது, அது வறியவர்களுக்கு. சொத்திருந்தும் எழுந்து நிற்க முடியாதவர்கள் சந்தையில்தான் தேட வேண்டும். அந்தச் சந்தையில் எங்களால் நுழைய முடிகிறது. பகலில் ஆத்தாளைத் தூக்கிவிடுகிற பெண்ணுக்கும் ஒரு தாய் இருக்கிறாள், அவளைத் தூக்க யாருமில்லை. இதற்கு என்னிடம் பதிலில்லை.

நகரத்தாரிடம் கல்யாணமான மகனை அதே வீட்டுக்குள் தனி அடுப்போடு 'வேறு வைக்கிற' வழக்கம் உண்டு. ஒரே வளவில் பல உலை. உறவு அறுந்தது என்று யாரும் சொன்னதில்லை. இது என் கண்டுபிடிப்பு அல்ல. எட்டு மாதம் எங்களுக்குள்ளேயே பேசிவிட்டு, கடைசியாகத்தான் ஆத்தாளிடம் கேட்டோம்.

"என்னைய வேற வைக்கப் போறீகளா? வைங்க. அங்கன கக்கூசுக்குப் படி இருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை மதுரையில் இரண்டு இடங்கள் பார்க்கிறோம். தம்பி இன்னும் சம்மதிக்கவில்லை. அவனுக்கு அந்த ஏழாவது கட்டத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.