சொந்த வீட்டிற்கு ஏற்ற மின் பகிர்வுப் பெட்டி

கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டியிலிருந்து வடலூர் செல்லும் சாலையில், நெய்வேலி நகரியத்தை ஒட்டி வடக்குத்து அமைந்துள்ளது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டில் தோன்றியது. 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962இல் முதல் அனல் மின் நிலையத்தின் முதல் எந்திரம் சுழலத் தொடங்கியது. அந்நிலையம் ஏறத்தாழ ஐம்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்து, 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. அதன் பின் எழுந்த நிலையங்கள் இன்று மின்சாரம் தருகின்றன. முந்திரித் தோப்பும் பலாத் தோப்பும் சூழ்ந்த இவ்வட்டாரத்தின் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த கரியே தென்னாட்டின் பல இல்லங்களில் ஒளியாகின்றது.

நகரியத்துக் குடியிருப்பில் வாழ்ந்தவரையில், கம்பியும் பெட்டியும் நிறுவனத்தாரின் பொறுப்பு. பழுதென்றால் சொல்லி அனுப்பினால் போதும். சொந்த மனை வாங்கி வீடு கட்டும்போது அந்தப் பொறுப்பு வீட்டுக்குடையவரையே சேருகின்றது. தளத்துக்கும் கதவுக்கும் நாள்கணக்கில் யோசனை செய்யும் நாம், வீட்டின் மின்சாரம் முழுவதும் புகுந்து பிரியும் பெட்டியைப் பற்றி மட்டும், “கடைக்காரர் கொடுப்பதை மாட்டிவிடுங்கள்” என்று சொல்லிவிடுகின்றோம். அவ்வாறு இருத்தல் தகாது. அப்பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பியூஸ் கட்டையும் எம்.சி.பி.யும்

முற்காலத்தில் பீங்கான் கட்டையில் மெல்லிய கம்பி கட்டியிருந்தது. மின்னோட்டம் மிகுந்தால் அக்கம்பி உருகி, மின்சாரம் நின்றுவிடும். முறை நல்ல முறைதான். கையாண்ட விதமே கேடாயிற்று. பியூஸ் போனவுடன் கைக்குக் கிடைத்த செப்பு இழைகளை முறுக்கிக் கட்டுவது வழக்கமாகிவிட்டது. பின்னர் எவ்வளவு மின்னோட்டம் பாய்ந்தாலும் கட்டைக் கம்பி உருகுவதில்லை; சுவருக்குள் இருக்கும் கம்பியே சூடேறித் தீப்பிடிக்கும்.

இக்குறையை நீக்க வந்ததே எம்.சி.பி. என்னும் தானியங்கித் துண்டிப்பான். 1924ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டின் மான்ஹைம் நகரில் ஹியூகோ ஸ்டாட்ஸ் நிறுவனத்தார் இதற்குக் காப்புரிமை பெற்றனர். இதனுள் இரு உறுப்புகள் உண்டு. ஒன்று ஈருலோகத் தகடு. மின்னோட்டம் அளவுக்குச் சிறிது மிகுந்து நெடுநேரம் பாய்ந்தால், அது சூடேறி வளைந்து விசையைத் தட்டிவிடும். மற்றொன்று மின்காந்தச் சுருள். இரு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு மின்னோட்டம் திடீரெனப் பாய்ந்தால், கண்ணிமைக்கும் பொழுதில் இது துண்டித்துவிடும். பழுதை நீக்கியபின் விசையை மேலே தூக்கினால் போதும். கம்பி கட்டும் வேலை இல்லை.

முதன்மையான விதி

இங்கே பலரும் ஒரு தவறு செய்கின்றனர். ‘கருவி பெரியது, ஆகவே பெரிய எம்.சி.பி. போடுவோம்’ என்பர். எம்.சி.பி. காப்பது கருவியை அன்று; சுவரில் ஓடும் கம்பியை. ஆதலின் கம்பியின் பருமனுக்கு ஏற்பவே எம்.சி.பி. அமைய வேண்டும். விளக்கு, மின்விசிறிகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும் 6 ஆம்பியர் எம்.சி.பி.யும் போதும். சமையலறை முதலிய இடங்களின் பெரிய பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 16 ஆம்பியரும் ஏற்றவை. குளிர்சாதனக் கருவிக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 20 ஆம்பியரும் வைக்கலாம்.

எம்.சி.பி. அடிக்கடி விழுகின்றதென்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியரை மாட்டுவது, செப்பு இழையை முறுக்கிக் கட்டிய பழைய பிழையைப் புதிய உருவில் செய்வதேயாகும். விழும் எம்.சி.பி. பழுதானது என்று முதலிலேயே முடிவு கட்டலாகாது. அது ஒரு செய்தியைச் சொல்லுகின்றது. சுமையைக் குறைக்க வேண்டும், அல்லது தனிக் கம்பி இழுக்க வேண்டும்.

எம்.சி.பி.யின் முகத்தில் ‘பி’ அல்லது ‘சி’ என்ற எழுத்தைக் காணலாம். ‘பி’ வகை, குறித்த அளவைப் போல 3 முதல் 5 மடங்கு மின்னோட்டத்தில் உடனே துண்டிக்கும். ‘சி’ வகை 5 முதல் 10 மடங்கில். மோட்டார் உள்ள கருவிகள் தொடங்கும் நொடியில் மிகுதியான மின்னோட்டத்தை இழுப்பதால், தண்ணீர் மோட்டாருக்கும் குளிர்சாதனக் கருவிக்கும் ‘சி’ வகையே ஏற்றது. விளக்குகளுக்கும் வெந்நீர்க் கருவிக்கும் ‘பி’ வகை போதும்.

உயிரைக் காப்பது எது?

எம்.சி.பி. இருக்கின்றது, இனி அபாயமில்லை என எண்ணுவது பெரும் பிழை. 30 மில்லி ஆம்பியரைக் கடந்த மின்னோட்டம் நெஞ்சின் வழியே பாய்ந்தால் உயிருக்கு ஆபத்து. ஓர் ஆம்பியருக்கு 1000 மில்லி ஆம்பியர். ஆகவே 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு, ஒருவர் மின்சாரத்தில் சிக்கித் துடிப்பது தெரியவே தெரியாது.

அதை அறிவது ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் துண்டிப்பான். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று இது ஓயாது ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு பகுதி மனித உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ மண்ணுக்குப் போனால், கணக்குக் குறையும், உடனே துண்டிக்கும். வீட்டிற்கு 30 மில்லி ஆம்பியர் உணர்திறன் உடையதையே கேட்டு வாங்க வேண்டும். 100, 300 மில்லி ஆம்பியர் அளவுடையவை தீ விபத்தைத் தடுக்க உதவலாம்; ஆளைக் காக்கப் போதா.

ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. ஒரு கையால் பேஸ் கம்பியையும் மறு கையால் நியூட்ரல் கம்பியையும் பிடித்தவரை இது காக்காது. மிகுசுமையையும் இது அறியாது. ஆதலின் எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, இரண்டும் வேண்டும். இன்வெர்ட்டர் வைத்துள்ளோர், அதன் நியூட்ரலைப் பிற நியூட்ரல்களோடு கலந்து இணைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், கலந்தால் ஆர்.சி.சி.பி. காரணமின்றி விழும். மெயினை நிறுத்திய பின்னும் இன்வெர்ட்டர் இணைப்புகளில் மின்சாரம் இருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

கணக்கிடும் முறை

இரண்டு படுக்கையறை உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 9 வாட் விளக்குகள் ஆறும், 75 வாட் மின்விசிறிகள் நான்கும் சேர்ந்து 354 வாட். குளிர்பதனப் பெட்டி 150, கிரைண்டர் 150, மிக்சி 750, ஆக 1050. இஸ்திரிப் பெட்டி 1000, வெந்நீர்க் கருவி 2000, குளிர்சாதனக் கருவி 1600, ஒரு குதிரைத்திறன் மோட்டார் சுமார் 1000. மொத்தம் ஏறத்தாழ 7000 வாட். இதை 230 வோல்ட்டால் வகுத்தால் 30 ஆம்பியரைச் சற்றே கடக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. எனினும் 40 ஆம்பியர் மெயினும் 40 ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வைப்பது தகும். இத்தகைய சுமைக்கு ஒரு முனை இணைப்பு போதுமா, மும்முனை இணைப்பு வேண்டுமா என்பதை மின் வாரிய அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டறிதல் நன்று. மும்முனையாயின் நான்கு முனை ஆர்.சி.சி.பி. தேவைப்படும்.

இனிப் பெட்டியின் அளவு. விளக்குகளுக்கு இரண்டு, சமையலறைக்கு ஒன்று, இஸ்திரிப் பெட்டிக்கு ஒன்று, வெந்நீர், குளிர்சாதனம், மோட்டார் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. ஆக ஏழு வழிகள். மெயினுக்கு இரண்டு இடம், ஆர்.சி.சி.பி.க்கு இரண்டு இடம். பதினொன்றாயிற்று. பின்னாளில் மாடி எழும்பும், புதுக் கருவி வரும். அதற்கு மூன்று இடம் காலியாக விட்டால் பதினான்கு. கடையில் ‘12 வழி’ என்று சொன்னால், மெயினுக்குரிய இடம் அதில் அடங்கியதா, தனியா என்று கேட்டே வாங்க வேண்டும்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத எம்.சி.பி.யைக் கையாலும் தொடலாகாது. துண்டிப்புத் திறன் 10 கிலோ ஆம்பியர் என்று குறித்திருப்பதை வாங்குவது நலம். மின்மாற்றிக்கு அருகிலுள்ள வீடுகளுக்கு இது இன்றியமையாதது. பெட்டி உலோகத்தாலானதாயின், அதன் உடலும் கதவும் எர்த்துடன் இணைக்கப்பட வேண்டும். குளியலறைச் சுவரிலும், தண்ணீர்த் தொட்டியின் கீழும், அடுப்பின் அருகிலும் பெட்டியை அமைக்கலாகாது; ஆள் நின்று எட்டும் உயரத்தில், உலர்ந்த சுவரில் இருத்தல் வேண்டும். எந்த விசை எந்த அறைக்குரியது என்பதைத் தமிழில் எழுதி ஒட்டுக. அவசர நேரத்தில் இருட்டில் தேடுபவர், கம்பியாள் அல்லர். வீட்டிலுள்ள பெண்களும் பிள்ளைகளுமே.

நல்ல எர்த் இல்லாத பெட்டி, அடித்தளம் இல்லாத வீடு போன்றது. கோடையில் மண் உலர்ந்தால் அதன் திறன் குறையும். எர்த் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுதல் எளிய கடமை. ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழுந்தால் அது விழிப்போடு இருக்கின்றது. விழாவிட்டால் உடனே மாற்றுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் சுவர் ஊறும்போது ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். தொல்லையென்று அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைப்போர் உண்டு. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் இம்மாவட்டத்தைத் தாக்கித் தோப்புகளை வீழ்த்தியதை நாம் மறக்கவில்லை. கம்பங்கள் சாயும் நாளிலும் சுவர்கள் ஈரமாகும் நாளிலுந்தான் அக்கருவி நமக்குத் தேவை. ஒவ்வொரு வழியாக நிறுத்திப் பார்த்தால், கசியும் இடம் தெரிந்துவிடும்; அதைச் சரிசெய்வதே முறை.

ஊராட்சியின் கடமை

உழவர்கள் மாட்டுக் கொட்டகையின் விளக்கையும் கசிவுத் துண்டிப்பானுக்கு உட்படுத்த வேண்டும். ஈரத்தரையில் நிற்கும் கால்நடை மனிதரினும் எளிதில் மின்சாரத்துக்கு இரையாகும். ஊராட்சி உறுப்பினர்கள் அங்கன்வாடி, நூலகம், குடிநீர்த் தொட்டி மோட்டார் அறை ஆகியவற்றின் பெட்டிகளைத் திறந்து பார்த்து, செப்பு இழை முறுக்கிய கட்டைகள் இருப்பின் உடனே மாற்ற ஏற்பாடு செய்வார்களாக. தகுதிச் சான்று பெற்ற கம்பியாளைக் கொண்டே இவ்வேலைகளைச் செய்விக்க வேண்டும்.

ஒரு வீடு கட்ட ஆகும் செலவில் இப்பெட்டிக்கு ஆவது மிகச் சிறு பகுதி. அதில் சிக்கனம் பார்த்து வீட்டாரின் உயிரைப் பணயம் வைத்தல் அறிவுடைமை ஆகாது. ஒளியைத் தரும் ஊரில், அவ்வொளி அச்சமின்றி எரியவேண்டும்.