ஜெத்ரோ காஃபின் வீடு

ஜெத்ரோ காஃபின் வீடு என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த நான்டக்கெட் தீவில் 1686ஆம் ஆண்டு கட்டப்பட்ட மரவீடு ஆகும். அத்தீவில் ஆங்கிலேயர் முதலில் குடியேறிய காலத்து வீடுகளுள், கட்டிய இடத்திலேயே இன்றும் நிற்பது இது ஒன்றுதான். 1968இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இவ்வகை வீட்டை 'உப்புப்பெட்டி வீடு' என்பர். அக்காலத்தில் உப்பு ஈரம் கோக்காதிருக்க, சரிவான மூடி போட்ட மரப்பெட்டியில் இட்டு அடுப்பருகே மாட்டி வைப்பார்கள். வீட்டைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அதே உருவம் தெரியும். முன்புறம் இரண்டு தளம், பின்புறம் ஒரே தளம். ஆகவே முன்கூரை குட்டையாகவும், பின்கூரை தாழ்வாக இறங்கும் நீண்ட சரிவாகவும் இருக்கும். முகப்பு தெற்கு நோக்கியது. குளிர்கால வெயில் முன்னறைகளில் விழும். வடக்குக் காற்று பின்சரிவின் மேல் வழுக்கிச் சென்றுவிடும். இரண்டு மாடி வீட்டுக்கான வரியைத் தவிர்க்கவே இவ்வடிவம் பிறந்தது என்று ராணி ஆன் காலத்தைச் சுட்டி ஒரு கதை சொல்வார்கள். அவர் அரியணை ஏறியது 1702இல். இத்தகைய வீடுகள் அதற்கு முன்பே இருந்தன. கதையை நம்ப இடமில்லை.

வீட்டின் நடுவே பெரிய செங்கல் புகைபோக்கி எழுகிறது. கணப்பு அடுப்புகள் எல்லாம் இந்த ஒரே தூணைச் சுற்றி அமைந்தவை. அதன் முகத்தில் செங்கற்களைப் புடைப்பாக வைத்து, கவிழ்த்த குதிரை லாடம் போன்ற உருவம் கட்டப்பட்டுள்ளது. இதனால் 'லாட வீடு' என்ற பெயரும் உண்டு. சூனியக்காரிகள் புகைபோக்கி வழியே இறங்காமல் தடுக்கவே அது வைக்கப்பட்டது என்பது ஊர்ப்பேச்சு. வெறும் அலங்காரம் என்பாரும் உளர்.

இவ்வீடு ஒரு திருமணச் சீர். மணமகன் ஜெத்ரோ காஃபின். மணமகள் மேரி கார்ட்னர். தீவின் நில உரிமை, ஆட்சி உரிமை குறித்து இரு குடும்பங்களும் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டவை. மணமகளின் தந்தை நிலம் தர, மணமகனின் தந்தை மரம் தந்தார் என்பது வழிவழிச் செய்தி. அந்த மரம், நியூ ஹாம்ப்ஷயரில் இருந்த அவரது மர அறுவை ஆலையிலிருந்து வந்ததாம். 1708இல் தம்பதியர் வீட்டை விற்றுவிட்டனர்.

இங்கே பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈயப்பட்டியில் கோத்த சாய்சதுரக் கண்ணாடிச் சன்னல்கள்தாம் பழமையின் அடையாளமாகக் கண்ணில் படும். ஆனால் அவை 1920களின் இறுதியில், வில்லியம் சம்னர் ஆப்பிள்டன் மேற்பார்வையில் நடந்த சீரமைப்பின்போது, 17ஆம் நூற்றாண்டுச் சன்னல்கள் இப்படித்தான் இருந்திருக்கும் என்ற கருத்தில் வைக்கப்பட்டவை. உண்மையான பழமை மரச்சட்டகத்தில்தான் இருக்கிறது. பலர் அதை நின்று பார்ப்பதில்லை.

1987இல் இடி விழுந்து புகைபோக்கியும் கூரையும் பெரிதும் சேதமடைந்தன. பிறகு நடந்த சீரமைப்பில் புகைபோக்கியை மீண்டும் எழுப்பியபோது, அந்த லாடத்தையும் விடாமல் செங்கல்லில் கட்டினார்கள்.