பிழைச் செய்தியில் தோன்றா எழுவாய்

கணிப்பொறியோடு இணைந்த வட்டு, அச்சுப்பொறி, விசைப்பலகை முதலிய கருவிகளுக்கும் இயங்குதளத்திற்கும் இடைநின்று பணிபுரியும் நிரல், கருவி இயக்கி எனப்படும். கருவி பழுதுற்றால் அதனை முதற்கண் அறிவது இவ்வியக்கியே. அது பதிவேட்டில் எழுதிவைக்கும் ஓரிரு வரிகளே பழுது ஆராய்வார்க்குப் பெரும்பாலும் கிடைக்கும் சான்று. பழுது வட்டினதோ, வட்டை இணைக்கும் வடத்தினதோ என்பதை அவ்வரிகளைக் கொண்டே அவர் துணிதல் வேண்டும். துணிவு பிழைப்பின் பல்லாண்டு உழைப்பாற் சேர்த்த தரவுகள் அழிதலும் கூடும். ஆதலின் இச்செய்திகளின் சொல்லமைப்பு ஆராயத்தக்கதாகின்றது. லினசு டோர்வால்ட்சு 1991இல் தொடங்கிய லினக்சின் மூலநிரல் யாவரும் காணக் கிடைப்பது. ஆகலின் அதன் இயக்கிகளையே ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

1. எழுவாய் இன்மை

தமிழில் 'படித்தாய்' என்ற அளவிலேயே 'நீ' என்னும் எழுவாய் பெறப்படும். வினைமுற்றின் விகுதி எண்ணையும் இடத்தையும் காட்டுதலின், தோன்றா எழுவாய் பொருளுணர்ச்சிக்கு இடையூறு ஆவதில்லை. இயக்கிகளின் செய்திகள் ஆங்கிலத்தில் அமைவன. 'மீட்டமைத்தல் இயலவில்லை' என்னும் பொருள்பட ஓர் இயக்கி இரு சொற்களை எழுதினால், எக்கருவியை என்பதைக் காட்டும் உறுப்பு அத்தொடரில் யாதும் இல்லை. எழுதிய நிரலர் தம் இயக்கி ஒன்றனையே கருத்திற்கொண்டு எழுதுகின்றார். அவர்க்கு எழுவாய் வெளிப்படை. படிப்பவர் காண்பதோ பல இயக்கிகளின் வரிகள் காலமுறையில் விரவிக் கிடக்கும் பதிவேடு. ஒரே வகை வட்டுகள் நான்கு இருப்பின், அவற்றுள் எது பழுதுற்றது என்று அவர் எவ்வாறு அறிவர்?

இக்குறையை நீக்கும் வழி லினக்சில் உண்டு. 'பிரிண்ட்-கே' என்னும் பொதுப் பதிவுச் சார்பு, தந்த சொற்களை அப்படியே எழுதும். இயக்கிகளுக்கென அமைந்த 'டெவ்-எர்' முதலிய சார்புகளோ, இயக்கியின் பெயரையும் கருவியின் பெயரையும் செய்திக்கு முன்னர்த் தாமே சேர்க்கும். நிரலர் மறப்பினும் எழுவாய் விடுபடாது.

2. குன்றக் கூறல்

பவணந்தியார் நூலுக்குரிய குற்றங்களைப் பத்தென வகுத்தனர். அவை பெருநூல்களுக்கு உரியவாயினும், அவற்றுட் சில ஒற்றை வரிச் செய்திக்கும் பொருந்துகின்றன. குன்றக் கூறல் அவற்றுள் ஒன்று. யூ.எஸ்.பி. கருவியை இணைக்கும்போது, கருவியின் விவரத்தைப் படிக்கையில் 'பிழை -71' என்றோ 'பிழை -110' என்றோ பதிவேட்டில் தோன்றுவதுண்டு. முன்னது பெரும்பாலான கணிப்பொறிகளில் நெறிமுறைப் பிழை. பின்னது காலக்கெடு கடந்தமை. அட்டவணையை அறியாதார்க்கு இரண்டும் வெற்றெண்களே. 2020 சனவரியில் வெளிவந்த 5.5ஆம் பதிப்பில், எண்ணுக்கு மாறாகப் பிழையின் குறியீட்டுப் பெயரை அச்சிடும் வசதி சேர்க்கப்பட்டது. எனினும் பெயர் மட்டும் அமையாது. யாது செய்ய முயன்றபோது அப்பிழை நேர்ந்தது என்பதும் உடன் கூறப்படல் வேண்டும்.

3. மிகைபடக் கூறல்

செவ்வனே இயங்கும் இயக்கி வாளா இருத்தல் வேண்டும் என்பது லினக்சு நிரலர் கொண்ட நடைநெறி. செய்திகளை அவசரநிலை முதல் பிழைதேடற் குறிப்பு ஈறாக, 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாக அவர் பகுத்துள்ளனர். சிறு குறிப்பைப் பிழை நிலையில் எழுதுதல் மிகையாம். அம்மிகை உண்மைப் பிழையை மறைக்கும். ஒரே செய்தி இடையறாது பெருகுவதைத் தடுக்க, இயல்பாக 5 நொடிக்கு 10 என்னும் வரம்பிடும் சார்பும் உளது.

மற்றொரு சான்று நோக்குவோம். ஒரு கருவி, தனக்கு மின்னாற்றல் வழங்கும் உறுப்பு இன்னும் ஆயத்தமாகாமையின், பின்னர் முயலுமாறு ஒத்திவைக்கப்படுதல் உண்டு. அஃது உடனே பிழையாகாது; இயக்கி அதனைப் பிழை -517 எனத் தெரிவிக்கும் ஒரு முறையே. ஒவ்வொரு முயற்சியிலும் அதனைப் பழுதாக எழுதுதல் படிப்பவரை மயக்கும். 2020 அக்டோபரில் வந்த 5.9ஆம் பதிப்பிற் சேர்ந்த ஒரு துணைச் சார்பு, ஒத்திவைப்பாயின் செய்தியைப் பிழைதேடற் குறிப்பாகத் தாழ்த்திக் காரணத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். பிறவாயின் பிழையாகவே எழுதும்.

4. மயங்க வைத்தல்

லினக்சின் அச்சுப்பொறி இயக்கியில், அச்சுப்பொறி தீப்பற்றியதெனக் கூறும் செய்தி ஒன்றுண்டு. தாளும் தீரவில்லை, இணைப்பும் அறவில்லை, ஆயினும் அச்சுப்பொறி பிழை காட்டுகின்றது என்பதே அதன் உண்மைப் பொருள். காரணம் அறியாமையை நகைச்சுவையாற் குறித்த அவ்வரி, நிரலர் குழுவினர்க்கு நகை விளைக்கும். பிறர்க்கு அச்சம் விளைக்கும். அவ்வாறே யூனிக்சில், முனையத்திற்கே உரிய கட்டளையை வேறு கருவிக்கு இட்டால் 'தட்டச்சுப்பொறி அன்று' என்னும் செய்தி தோன்றுவதாயிற்று. தட்டச்சு முனையங்கள் வழக்கொழிந்த பின்னும் அச்சொல் நின்றமையாற் பொருள் மயங்கிற்று. பிற்காலத்திற் பல இயங்குதளங்கள் அதனைக் 'கருவிக்குப் பொருந்தாத கட்டளை' என்னும் பொருள்பட மாற்றியமைத்தன.

5. திருத்தும் முறை

மேற்கூறியவற்றால், நற்செய்தி நான்கு வினாக்களுக்கு விடை கூறும் என்பது பெறப்படும்: எக்கருவி? எச்செயல்? என்ன பிழை? இயக்கி அடுத்துச் செய்தது யாது? 'படித்தல் இயலவில்லை: -110' என்பதனை, 'இரண்டாம் வட்டு: விவரப் பகுதியைப் படிக்கையிற் காலக்கெடு கடந்தது, மீண்டும் முயல்கிறது' எனத் திருத்தினால் நான்கும் அமைகின்றன.

ஆயினும் திருத்துவார் கருதவேண்டியது ஒன்றுண்டு. செய்தியின் சொற்களையே தேடிப்பிடித்து எச்சரிக்கும் கண்காணிப்பு நிரல்களைப் பலர் எழுதி வைத்திருப்பர். ஒரு சொல் மாறினும் அவை பயனற்றுப் போதல் கூடும். ஆகவே பொருள் மயக்கம் உள்ள இடத்து மாற்றுதலும், நடையழகு ஒன்றே கருதி மாற்றாமையும் தக்கன. இயக்கியை எழுதுவார் அறிந்தன யாவும் அதனைப் படிப்பார் அறியார் என்பதை மனங்கொண்டு எழுதின், இக்குற்றங்களிற் பெரும்பாலன நீங்கும்.