தீப்பெட்டி அளவில் ஒரு புத்தகம்!

குட்டீஸ், உங்கள் புத்தக அலமாரியைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். போன வருடத்து ரஃப் நோட்டு ஒன்று கிடைக்கும். அதன் கடைசிப் பக்கங்களில், 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அவருக்கு மூன்று மகன்கள்...' என்று தொடங்கி, ஒன்றரைப் பக்கத்தோடு நின்றுபோன கதை ஒன்று இருக்கும். காட்டுக்குப் போன மூத்த மகன் இன்னும் திரும்பி வந்திருக்க மாட்டான்!

ஏன் நின்றது? முதல் நாள் இருந்த உற்சாகம் மூன்றாம் நாள் இல்லை. நடுவில் டெஸ்ட் வந்தது. அண்ணன் படித்துவிட்டுச் சிரித்தான். அப்புறம் 'நமக்குக் கதை எழுத வராது' என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். சரிதானே?

கதையைத் தொடங்குவது எல்லாருக்கும் எளிது. தொடர்ந்து எழுதுவதுதான் கஷ்டம். பெரிய பெரிய எழுத்தாளர்களுக்கும் இதே கஷ்டம் இருந்தது. அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? வாருங்கள், பார்க்கலாம்.

பன்னிரண்டு மரச் சிப்பாய்கள்

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் ஹாவர்த் என்று ஓர் ஊர். அங்கே பேட்ரிக் பிராண்ட்டி என்ற பாதிரியார், தன் நான்கு குழந்தைகளுடன் வசித்தார். குழந்தைகளின் அம்மா 1821-ல் இறந்துவிட்டார். 1825-ல் மூத்த அக்காக்கள் இருவரும் நோயில் இறந்துபோனார்கள். மிச்சம் இருந்தவர்கள் சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன். இவர்களில் பிரான்வெல் மட்டும் பையன்.

1826 ஜூன் மாதம். வெளியூர் போய்விட்டு வந்த அப்பா, பிரான்வெல்லுக்காக ஒரு பெட்டி நிறைய மர பொம்மைச் சிப்பாய்களை வாங்கி வந்தார். மொத்தம் 12 சிப்பாய்கள். மறுநாள் காலை பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். பத்து வயது சார்லட் தன் சிப்பாய்க்கு 'வெலிங்டன்' என்று பெயர் வைத்தாள். உடனே பிரான்வெல் தன்னுடையதற்கு 'போனபார்ட்' என்று பெயர் வைத்தான். வாட்டர்லூ போரில் எதிரெதிராக மோதிய தளபதிகள் ஆயிற்றே, விடுவார்களா!

விளையாட்டு கதையாக வளர்ந்தது. சிப்பாய்களுக்கு ஒரு நகரம், ஒரு நாடு, ராஜாக்கள், சண்டைகள், சதித் திட்டங்கள் எல்லாம் உருவாயின. சிப்பாய்கள் படிக்கப் புத்தகம் வேண்டாமா? வேண்டும்! ஆனால் பொம்மையின் கையில் பிடிக்கிற அளவில் அல்லவா இருக்க வேண்டும்? அதனால் ஏறக்குறைய தீப்பெட்டி அளவில் புத்தகம் செய்தார்கள். அந்தக் காலத்தில் காகிதம் விலை அதிகம். சர்க்கரை பொட்டலம் கட்டி வந்த தாளைக்கூட விடாமல் வெட்டி, மடித்து, ஊசி நூலால் தைத்தார்கள். அச்சு எழுத்து மாதிரியே, எறும்பு ஊர்வது போல் பொடி எழுத்தில் எழுதினார்கள். பெரியவர்களால் அதை எளிதில் படிக்க முடியாது என்பது கூடுதல் லாபம்!

1829-ல் பிரான்வெல் ஒரு குட்டிப் பத்திரிகை தொடங்கினான். வீட்டில் படித்த பெரிய பத்திரிகையைப் பார்த்து, அதே மாதிரி செய்தது. சில மாதங்களில் சார்லட் அதன் ஆசிரியர் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். உள்ளே கதை உண்டு, பொருளடக்கம் உண்டு, விளம்பரம்கூட உண்டு. வாசகர்கள் யார்? மரச் சிப்பாய்களும் அந்த நான்கு பேரும்தான்!

சார்லட் 14 வயதில் எழுதிய அந்தப் பத்திரிகைகளில் ஒன்று 2019-ல் பாரிஸ் நகரில் ஏலத்துக்கு வந்தது. அதன் அளவு 35 மில்லிமீட்டருக்கு 61 மில்லிமீட்டர். இருபது பக்கத்தில் 4,000 வார்த்தைகளுக்கு மேல் எழுதியிருந்தாள். விலை எவ்வளவு போனது தெரியுமா? 6 லட்சம் யூரோ! அன்றைய மதிப்பில் நான்கரைக் கோடி ரூபாய்க்கும் மேல். இப்போது அது, அவர்கள் வாழ்ந்த வீட்டிலேயே இருக்கும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. சார்லட் 13 வயதில் எழுதிய பாட்டுப் புத்தகம் ஒன்று 2022-ல் விற்பனைக்கு வந்தது. அதன் தலைப்பிலேயே எழுத்துப் பிழை இருக்கிறது! ஆம், 'பாடல்கள்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுத்து மாற்றி எழுதிவிட்டாள். எழுத்துப் பிழை வருமே என்று பயந்து எழுதாமல் இருக்கும் குட்டீஸ், இதைக் கவனியுங்கள்!

விற்றது இரண்டே பிரதி

பிள்ளைகள் வளர்ந்தார்கள். சார்லட்டுக்கு 20 வயது இருக்கும்போது, அன்றைய இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் ராபர்ட் சதே என்பவருக்குத் தன் கவிதைகளை அனுப்பிக் கருத்துக் கேட்டாள். 1837-ல் பதில் வந்தது. 'திறமை இருக்கிறது. ஆனால் இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக முடியாது' என்ற பொருளில் அவர் எழுதியிருந்தார். நாட்டின் பெரிய கவிஞரே இப்படிச் சொன்னால் மனது எப்படி இருக்கும்?

சார்லட் எழுதுவதை விடவில்லை. 1846-ல் சகோதரிகள் மூவரும் சொந்தச் செலவில் ஒரு கவிதைப் புத்தகம் வெளியிட்டார்கள். பெண்கள் எழுதியது என்று தெரியக்கூடாது என்பதற்காகப் புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். ஒரு வருடத்தில் விற்றது எத்தனை தெரியுமா? இரண்டே பிரதி!

அதே வருடம் ஆகஸ்ட் மாதம் அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. அவரை மான்செஸ்டர் நகரத்துக்கு அழைத்துப்போனார் சார்லட். ஏற்கெனவே ஒரு நாவல் எழுதிப் பதிப்பகங்களுக்கு அனுப்பியிருந்தார். 'வேண்டாம்' என்று அது திரும்பி வந்தது, அந்தச் சிகிச்சை நடந்த நேரத்தில்தான்! இருட்டறையில் படுத்திருந்த அப்பாவைக் கவனித்துக்கொண்டே, சார்லட் புதிதாக இன்னொரு நாவலை எழுத ஆரம்பித்தார். அதுதான் 'ஜேன் அயர்'. 1847 அக்டோபரில் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. இன்றும் உலகம் முழுவதும் படிக்கிறார்கள். அதே டிசம்பரில் எமிலியின் நாவலும் ஆனின் நாவலும் வந்தன.

மூவருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. இரவில் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே, அன்றைக்கு எழுதியதைப் பற்றிப் பேசுவார்கள். 1848, 1849-ல் பிரான்வெல், எமிலி, ஆன் மூவரும் அடுத்தடுத்து இறந்துவிட்டார்கள். அதன்பின் அந்த மேசையைச் சுற்றி சார்லட் மட்டும் தனியாக நடந்தார். பாதியில் நின்றிருந்த தன் அடுத்த நாவலையும் எழுதி முடித்தார்.

இருபது வருடத்துக்கும் மேலாக, பாராட்டு வந்தாலும் வராவிட்டாலும் எழுதினார் சார்லட். சின்ன வயதில் விளையாட்டாக வந்த பழக்கம், கஷ்ட காலத்திலும் அவரைக் கைவிடவில்லை.

கடிகாரம் வைத்து எழுதியவர்

'எனக்கு ஸ்கூல், ஹோம் ஒர்க், டியூஷன் எல்லாம் இருக்கே, நேரம் எங்கே?' என்று கேட்கிறீர்களா? உங்களுக்காகவே ஒருவர் இருக்கிறார்.

அவர் பெயர் ஆண்டனி டிரோலப். இங்கிலாந்துக்காரர். 1834-ல் தபால் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து 33 வருடம் வேலை பார்த்தவர். பிரிட்டனில் தெருவோரத் தபால் பெட்டி வைக்கலாம் என்று யோசனை சொன்னவரும் இவர்தான்.

டிரோலப் காலை ஐந்தரை மணிக்கு எழுத உட்கார்ந்துவிடுவார். தன்னை எழுப்பி காபி கொடுப்பதற்காகவே ஒரு பணியாளுக்கு வருடம் 5 பவுண்டு கூடுதல் சம்பளம் கொடுத்தார்! முதல் அரை மணி நேரம், முந்தின நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை வீதம் எழுதுவார். வாரம் எத்தனை பக்கம் என்பதை ஒரு குறிப்பேட்டில் பதிவு செய்வார். எழுதாத நாள் அதில் காலியாகக் கண்ணில் உறுத்தும். இப்படியே அவர் எழுதிய நாவல்கள் 47!

நல்ல மனநிலை வரட்டும், யோசனை பிறக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நேரம் வந்தது, உட்கார்ந்தார், எழுதினார். அவ்வளவுதான்.

திருத்தி எழுதிய சிறுமி

ஆன் ஃபிராங்க் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹிட்லரின் நாஜிப் படையிடம் இருந்து தப்பிக்க, ஆம்ஸ்டர்டாம் நகரில் அப்பாவின் அலுவலகத்துக்குப் பின்பக்கம் குடும்பத்தோடு மறைந்து வாழ்ந்த யூதச் சிறுமி. 1942 ஜூன் 12-ல், 13-வது பிறந்த நாளுக்குக் கிடைத்த டைரியில் எழுதத் தொடங்கினாள். 'கிட்டி' என்ற கற்பனைத் தோழிக்குக் கடிதம் எழுதுவது போல எழுதினாள். அந்த டைரி தீர்ந்ததும் பள்ளி நோட்டுகளில் தொடர்ந்தாள்.

1944 மார்ச்சில் ரேடியோவில் ஓர் அறிவிப்பு. போர்க்காலத்தில் மக்கள் எழுதிய டைரிகள், கடிதங்கள் போர் முடிந்ததும் சேகரிக்கப்பட வேண்டும் என்று நெதர்லாந்து அமைச்சர் ஒருவர் பேசினார். அதைக் கேட்ட ஆன், தான் எழுதியதை முதலில் இருந்து எடுத்து, தனித்தாள்களில் மறுபடி எழுத ஆரம்பித்தாள். சிலவற்றை நீக்கினாள், சிலவற்றைச் சேர்த்தாள். அப்போது அவளுக்கு வயது 14. ஆகஸ்ட் 4-ல் எல்லாரும் கைது செய்யப்பட்டார்கள். 1945-ல் முகாமில் ஆன் இறந்துபோனாள். உயிரோடு திரும்பிய அப்பா, 1947-ல் அந்த டைரியைப் புத்தகமாக வெளியிட்டார்.

இதில் நமக்கு ஒரு பாடம். முதல் தடவை எழுதுவது மனதில் இருப்பதைக் கொட்டுவதற்கு. அழகாக்குவது இரண்டாம் தடவை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்ப்பதால்தான் பலரின் கதை பாதியில் நிற்கிறது.

நீங்களும் எழுதலாம்!

1. தினமும் பத்தே வரி. அதற்கு மேல் வேண்டாம். வாரம் ஐந்து நாள் எழுதினால் மாதம் 200 வரி வரும். நோட்டில் ஏறக்குறைய எட்டுப் பக்கம். ஒரு முழுக் கதை தாராளமாக முடிந்துவிடும்!

2. நேரமும் இடமும் ஒன்றாக இருக்கட்டும். பள்ளி விட்டு வந்து பால் குடித்ததும், திண்ணையில் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வாரத்தில் யாரும் சொல்லாமலே கை நோட்டைத் தேடும்.

3. காலண்டரில், எழுதிய நாளுக்கு ஒரு டிக் போடுங்கள். விட்டுப்போன நாளுக்காக வருத்தப்பட வேண்டாம். மறுநாள் இருபது வரி எழுதவும் வேண்டாம். அதே பத்து வரி போதும்.

4. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும்போதே நிறுத்துங்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே சொன்ன வழி இது. கிணற்றை ஒட்ட இறைக்காமல் கொஞ்சம் நீர் விட்டுவைப்பது மாதிரி. மறுநாள் உட்கார்ந்ததும் கதை ஓடும்.

5. கதை வராத நாளில், அன்று பார்த்ததை எழுதுங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியில் பணிபுரிந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். துறைமுகத்துக்கு வந்த கப்பல், ஊரில் நடந்த பேச்சு எல்லாம் அதில் உண்டு. இன்று அது வரலாற்றுப் பொக்கிஷம். நீங்கள் உங்கள் தெருவுக்கு வரும் ஐஸ்காரரைப் பற்றி எழுதுங்களேன்!

6. ஒரே ஒரு வாசகரைத் தேடுங்கள். தங்கையோ, பாட்டியோ, பெஞ்சில் பக்கத்தில் இருக்கும் தோழியோ போதும். 'நல்லா இருக்கா?' என்று கேட்காதீர்கள். 'அடுத்து என்ன ஆகும்னு நினைக்கிறே?' என்று கேளுங்கள். புதிய யோசனை கிடைக்கும்.

7. முழுக்கதை முடியும் வரை திருத்தாதீர்கள். முடிந்ததும் ஒரு வாரம் மூடிவைத்துவிட்டு, சத்தமாகப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தைத் திருத்துங்கள்.

8. பரீட்சை நேரத்தில் ஒரு வரி மட்டும் எழுதுங்கள். காய்ச்சல் என்றால் அதுவும் வேண்டாம். படுத்துத் தூங்குங்கள்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதும் கதை அச்சில் வரலாம், வராமலும் போகலாம். யாராவது 'இதெல்லாம் எதுக்கு?' என்று சொல்லலாம். சார்லட்டின் முதல் வாசகர்கள் மரச் சிப்பாய்கள். அவருடைய முதல் புத்தகம் விற்றது இரண்டே பிரதி. அதற்காக அவர் பேனாவைக் கீழே வைத்திருந்தால், 'ஜேன் அயர்' நமக்குக் கிடைத்திருக்குமா?

இன்று மாலை ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். நான்காக மடித்து, நடுவில் தைத்து, ஓரத்தை வெட்டினால் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் தயார். அட்டையில் கதையின் பெயரையும் உங்கள் பெயரையும் எழுதுங்கள். எட்டுப் பக்கம்தான், எட்டே நாளில் முடித்துவிடலாம். எங்கே, ஆரம்பியுங்கள் பார்க்கலாம்!