மூடிய கதவும் மூன்று மணி நேரமும்

பஸ்ஸில் போகிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி பழுதாகி நின்றுவிட்டால் நமது பிள்ளைச்சாவடிக்காரர் கீழே இறங்குவார். வேட்டியை உதறிக் கட்டிக்கொள்வார். ஒரு டீ குடிப்பார். பின்னால் வரும் வண்டிக்குக் கை காட்டுவார். ரயில் கைகாட்டிக்கு வெளியே நின்றாலும் ஜன்னல் வழியே காற்றாவது வரும். ஆகாய விமானத்தில் ஏறியவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. கதவைச் சாத்திய பிறகு விமானம் தரையிலேயே மணிக்கணக்கில் நின்றுவிட்டால், அவர் பிரயாணியா அல்லது கைதியா என்று கேட்கத் தோன்றுகிறது.

இது பட்டணத்துச் சீமான்களின் கவலை என்று நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. பிரான்ஸ் தேசத்தில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் நமது புதுச்சேரியில் எத்தனையோ. பேரனைப் பார்க்கச் சென்னைக்குப் போய் விமானம் ஏறும் பாட்டிமார் வில்லியனூரிலும் உண்டு, பாகூரிலும் உண்டு. லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்தும் 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் மறுபடி விமானங்கள் விடப்பட்டன. தாமதமோ நமக்குப் புதியதன்று. 2024 நவம்பர் 30ந் தேதி ஃபெஞ்சல் புயல் நமது கரையில் ஏறிய அன்று சென்னை விமான நிலையத்தையே மூட வேண்டியிருந்தது. போகிப் பண்டிகையன்று கொளுத்தும் பழைய பாயும் டயரும் மீனம்பாக்கத்தில் ஓடுபாதையை மறைத்துவிடுவதும் உண்டு.

தாமதத்துக்கு நமது தேசத்தில் விதி இல்லாமல் இல்லை. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2010 ஆகஸ்டில் ஒரு விதியை அமுலுக்குக் கொண்டுவந்து, பிறகு சிலமுறை திருத்தியும் இருக்கிறது. இரண்டரை மணிக்குட்பட்ட பிரயாணமானால் 2 மணி நேரத் தாமதத்துக்கும், ஐந்து மணிக்குட்பட்டதானால் 3 மணி நேரத் தாமதத்துக்கும், அதற்கு மேற்பட்டதானால் 4 மணி நேரத் தாமதத்துக்கும் கம்பெனியார் உணவும் பானமும் அளிக்க வேண்டும். தாமதம் 6 மணிக்கு மேற்படுமானால் வேறு விமானம் அல்லது முழுப் பணம். 24 மணிக்கு மேற்பட்டால் ஓட்டலில் தங்க இடம். இரவு 8 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானமானால் 6 மணிக்கு மேற்பட்ட தாமதத்துக்கே அந்த இடம் உண்டு.

நல்ல விதிதான். ஆனால் இது முழுவதும் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவரை நினைத்து எழுதப்பட்டது. ஆசனத்தில் வாரால் கட்டுண்டு, கதவு சாத்திய விமானத்துக்குள் இருப்பவரை எத்தனை மணிக்குள் இறக்கிவிட வேண்டும் என்பதற்கு அதில் விடை இல்லை.

கம்பெனியார் ஏன் இறக்கிவிடுவதில்லை? அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். கிளம்பும் வரிசையில் நிற்கும் விமானம் திரும்பி வந்தால் வரிசையில் இடம் போய்விடும். இறங்கியவரை மறுபடி சோதனை செய்யாமல் ஏற்ற முடியாது. ஒருவர் திரும்பி வராவிட்டால் அவர் பெட்டியை வயிற்றிலிருந்து தேடி எடுக்க வேண்டும். அதற்குள் விமானியின் வேலை நேரம் முடிந்துவிட்டால் பிரயாணமே ரத்து. இத்தனையும் மெய். ஆயினும் இந்தக் கணக்கு எதிலும் உள்ளே இருப்பவரின் தாகமும் மூச்சும் ஓர் எண்ணாக வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் நெடுநாள் இப்படித்தான் இருந்தது. 2006 டிசம்பர் 29ந் தேதி டல்லாஸ் நகரில் இடி மழை. அங்கே இறங்க வேண்டிய விமானம் ஆஸ்டினுக்குத் திருப்பப்பட்டு, தரையில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் நின்றது. அதில் இருந்த கேட் ஹன்னி என்ற பெண்மணி கலிபோர்னியாவில் வீடு விற்றுக் கொடுக்கும் தொழில் செய்தவர். அவர் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்துவிடவில்லை. பிரயாணிகளுக்கென்று ஒரு சங்கம் கண்டு சட்டசபைக் கதவைத் தட்டத் தொடங்கினார். அடுத்த பிப்ரவரியில் நியூயார்க்கில் பனிப்புயல் அடித்து, ஜெட்புளூ கம்பெனியின் விமானங்களில் ஜனங்கள் பல மணி நேரம் அடைபட்டார்கள். 2009 ஆகஸ்டில் மின்னசோட்டாவிலுள்ள ராச்செஸ்டர் என்ற சிற்றூரில் 47 பேர் ஒரு குட்டி விமானத்தில் இரவெல்லாம், ஏறக்குறைய ஆறு மணி நேரம், கிடந்தார்கள். நிலையக் கட்டடம் கண்ணெதிரே நின்றது. அதைத் திறந்து விடத்தான் ஆள் இல்லை! மூன்று கம்பெனிகளுக்கு மொத்தம் 1,75,000 டாலர் அபராதம் விழுந்தது.

அவ்வருஷம் டிசம்பரில் அந்தச் சர்க்கார் விதி செய்தது; 2010 ஏப்ரல் 29 முதல் அது அமுலாயிற்று. உள்நாட்டு விமானம் தரையில் 3 மணிக்கு மேல் பிரயாணிகளை அடைத்து வைக்கலாகாது. 2 மணிக்குள் உணவும் நீரும் தர வேண்டும். கழிப்பறை இயங்க வேண்டும். வைத்திய உதவி கிடைக்க வேண்டும். அயல்நாட்டு விமானங்களுக்கு 4 மணி என்பது 2011ல் சேர்ந்தது. ஆபத்து உண்டென்று விமானி கருதினாலோ, நிலையத்தின் போக்குவரத்து குலையும் என்று கட்டுப்பாட்டு அதிகாரிகள் சொன்னாலோ விலக்கு உண்டு. தவறினால் தலைக்கு 27,500 டாலர் வரை அபராதம் என்று அப்போது இருந்தது. 2011ல் சிகாகோவில் தவறிய அமெரிக்கன் ஈகிள் கம்பெனிக்கு 9 லட்சம் டாலர் அபராதம் விதித்தபோது, இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பது எல்லாருக்கும் விளங்கிற்று. கானடா தேசத்தார் 2019ல் செய்த விதி இன்னும் சாமர்த்தியமானது: 3 மணி கழிந்தும் விமானம் கிளம்பும் தறுவாயில் இருந்தால் மட்டும் மேலும் 45 நிமிஷம் பொறுக்கலாம். வரிசையில் இடம் போய்விடும் என்ற வாதத்துக்கு இதைவிட நேரான பதில் வேறு என்ன?

நமது நாட்டுக்குக் கண் திறந்தது 2024 ஜனவரியின் மூடுபனியில். கோவாவிலிருந்து டில்லிக்குப் புறப்பட்ட இண்டிகோ விமானம் பனியால் பம்பாய்க்குத் திருப்பப்பட்டது. நெடுநேரத் தாமதத்தால் சலித்த பிரயாணிகள் இறங்கி, விமானத்தின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட படம் தேசமெங்கும் பரவியது. கம்பெனிக்கு 1 கோடியே 20 லட்சம் ரூபாயும், நிலையத்தாருக்கு 90 லட்சம் ரூபாயும் அபராதம். அதே நாட்களில் டில்லியில் பிரயாணி ஒருவர் தாமதத்தை அறிவித்துக்கொண்டிருந்த விமானியை அடித்துவிட்டார். அது வெட்கக் கேடு. அதற்கு நாம் சமாதானம் சொல்ல மாட்டோம்.

இவற்றின் பின் இரண்டு உத்தரவுகள் வந்தன. 3 மணிக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் கம்பெனியார் விமானத்தை முன்னதாகவே ரத்து செய்யலாம் என்றது ஜனவரி உத்தரவு. ஏறிய பிறகு நெடுந் தாமதம் நேர்ந்தால் பிரயாணிகளைப் புறப்பாட்டு வாசல் வழியாகவே வெளியே விடலாம் என்றது மார்ச் மாதக் கடைசியில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகத்தின் உத்தரவு. முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் இலக்கணம் கற்பிப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம்: வினைச்சொல்லின் வாலைப் பார்ப்பது. 'செய்யலாம்', 'விடலாம்' — இரண்டிலும் 'லாம்'தான், 'வேண்டும்' இல்லை. இறக்குவதா இல்லையா என்று தீர்மானிப்பவர் கம்பெனியாரும் காவல் அதிகாரிகளும், பாட்டி அல்ல. இரண்டே மாதத்தில், மே 30ந் தேதி, டில்லியிலிருந்து ஸான்பிரான்ஸிஸ்கோ போக வேண்டிய ஏர் இந்தியா விமானத்தில் குளிர்சாதனம் போதாமல் சிலர் மயங்கி விழுந்தார்கள் என்று பிரயாணிகள் முறையிட்டார்கள். பிரயாணம் ஒரு நாளுக்கு மேல் தாமதப்பட்டது. சர்க்கார் காரணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பிற்று.

'லாம்' என்பது 'வேண்டும்' ஆகி, அதனருகே ஒரு மணிக் கணக்கும் எழுதப்பட வேண்டும் என்பது நமது கட்சி. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கேட்கும் தைரியம் நம்மவருக்கு உண்டு. விமானம் என்றதும் கோட்டுப் போட்டவரைக் கண்டது போல வாய் அடைத்துவிடுகிறது.

விமானம் ஏறப் போகும் குடும்பத்தாருக்குச் சில சொற்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருந்தைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாமல் மடியில் வைத்துக்கொள்ளட்டும். சோதனை முடிந்த பிறகு காலிக் குப்பியில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். கதவு சாத்திய நேரத்தைச் சீட்டின் பின்புறத்தில் குறித்துவையுங்கள். குறித்த நேரம் இல்லாத முறையீடு எந்த மேஜையிலும் நிற்காது. சர்க்காரின் 'ஏர் சேவா' என்ற முறையீட்டு ஏற்பாட்டுக்கும், நுகர்வோர் ஆணையத்துக்கும் அந்தக் குறிப்பே சாட்சி. தனியாகப் போகும் பாட்டிக்கு, பணிப்பெண்ணைக் கூப்பிடும் பொத்தான் தலைக்கு மேல் எங்கே இருக்கிறதென்று வழியனுப்பும் பிள்ளை வீட்டிலேயே படம் போட்டுக் காட்டி அனுப்பட்டும்.